சிரிப்புக்கு விட்ட இடம்

பதினாலு படம். அத்தனையையும் வெட்டி ஒட்டியது நான்.
கிரப்கா கோபக்காரன் என்பார்கள். இல்லை,
எண்ணிக்கை தவறினால் அவனுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.
"நோரீன், பன்னிரண்டு பிரேம் சேர்.
அவர்கள் சிரித்து முடிக்கட்டும்,
அப்புறம் இவன் வாயைத் திறக்கட்டும்."
அரை நொடி. அதில்தான் ஓடியது எங்கள் பிழைப்பு.

டொலீடோக்காரன். கண்ணாடி ஆலைத் தொழிலாளியின் மகன்.
அப்பா வீட்டில் சிரித்தது ஒரே ஒருமுறையாம்,
பாதிரியாரின் தொப்பியைக் காற்று
ஆற்றுக்குக் கொண்டுபோன அன்று.
"அந்தச் சத்தத்தைத்தான் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறேன்"
என்றான் ஒரு பத்திரிகை நிருபரிடம்.
என்னிடம் சொன்னபோது
தொப்பி மேயருடையது.

முதல் படத்தில் ஒரு தீயணைப்பு வண்டி, இரண்டு மாப்பிள்ளைகள்.
கிளெண்டேலில் முன்னோட்டக் காட்சி.
மடியில் நிறுத்து கடிகாரத்தோடு கடைசி வரிசையில் நாங்கள்.
திரையைப் பார்க்கவில்லை, பிடரிகளைப் பார்த்தோம்.
சிரிப்பு வருமுன்னே தோள் அசைந்துவிடும்.
பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்
சோளப்பொரியை முழுக்கக் கொட்டினாள்,
கிரப்கா என் முழங்கையைக் கிள்ளினான்.
கன்றிய இடத்தை
ஒரு வாரம் எல்லோருக்கும் காட்டித் திரிந்தேன்.

பிறகு வந்ததெல்லாம் வந்தது.
நீச்சல் குளம் வைத்த வீடு,
இரண்டாவது மனைவி,
குளம் இல்லாத வீடு.
ஸ்டுடியோ வாசலில் காவலாளி
பெயரைச் சொல்லித் தொப்பியைத் தொட்ட காலம்,
அதே வாசலில்
பெயருக்கு எழுத்து கேட்ட காலம்.
மெத்தை விளம்பரம்கூட எடுத்தோம். அதிலும் அரை நொடி விட்டான்.
மெத்தைக்காரர் வெட்டச் சொன்னார். வெட்டினேன்.
அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை.

கடைசிப் படத்தில் டெக்ஸ்டர் புல்,
வாடகைக் கோட்டில்,
தெரியாத வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குள் தவறி நுழைந்து
கையில் கேக்கோடு நிற்கிறான்.
அறுபத்திரண்டு பிரேம் கேட்டான் கிரப்கா.
"அதிகம்" என்றேன்.
"கூரை பிய்த்துக்கொண்டு போகும், பார்."

பர்பாங்கில் கூரை இருந்த இடத்தில் இருந்தது.
யாரோ இருமினார்கள். ஏ.சி. ஓடியது.
டெக்ஸ்டர் நின்றான், நின்றான்,
ஊரே சிரிப்பதாக நம்பி.
கருத்து அட்டை ஒன்றில் பென்சிலால்
"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"
அந்த ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் போய் ஆறு வருஷம்.
நேற்று பேக்கர்ஸ்ஃபீல்டில், நெடுஞ்சாலை விடுதியில்,
தூக்கம் பிடிக்காத இரண்டு மணிக்கு
டிவியில் அந்தப் படம். நடுநடுவே கார் காப்பீடு.
டெக்ஸ்டர் கேக்கை ஏந்துகிறான்.
பழக்க தோஷம், என் விரல் போர்வைமேல் எண்ணத் தொடங்கியது.
நாற்பதில் அவன் கண் மாறுகிறது.
ஐம்பதில் மெழுகுவர்த்திகளைப் பார்க்கிறான்,
யார் பெற்ற பிள்ளையோ, அதற்கு
எத்தனை வயதென்று கூட்டிப் பார்ப்பவன்போல.
இதை எப்போது எடுத்தோம்?
நூறு தடவை மேசையில் ஓட்டியிருக்கிறேன்,
எண்ணினேன்,
பார்க்கவில்லை.

பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்,
சத்தத்தைக் குறைக்கச் சொல்லி.
டிவியில் அப்போது
சத்தமே இல்லை.