நாற்பது கஜம்

டேப்பின் சைபர் முனையைப் பிடிக்கிற வேலை எனக்கு.
பள்ளிவாசல் சுவரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மறுமுனையைச் சர்வேயர் இழுத்துக்கொண்டு போகிறார்,
கருவாடு காயும் மணலில், முள்ளை விலக்கி விலக்கி.
இரண்டு பக்கமும் போலீஸ்.
உடைமுனையில் இத்தனை காக்கியைப்
புயல் எச்சரிக்கைக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

கட்டை அவிழ்த்ததும் நான்தான்.
ரெக்கார்டு அறையில், கரையான் ஓரம் தின்ற கோப்பு.
பசலி 1302.
துரை கேட்கிறார்: முளைப்பாரி கடலுக்குப் போகையில்
கொட்டை எந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம்?
வலைக்காரன் நம்புவின் வாக்குமூலம்:
"இடம்னு இல்லைங்க.
தொழுகைன்னா நிறுத்துவோம்.
பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல்னு
யாராச்சும் கையாட்டினா நிறுத்துவோம்.
தூத்தல் விழுந்தா, தோல் நனையும்னு நிறுத்துவோம்."
விளிம்பில் சிவப்பு மை: பிடிகொடுக்காத பதில்.
கீழே உத்தரவு: நாற்பது கஜம்.
கல் நட்டார்கள்.

அதுவரை ஊர் ஒன்றாக இருந்தது என்று சொல்ல
எனக்கும் ஆசைதான்.
கோப்பில் அப்படி இல்லை.
முந்தின வருஷமே இரண்டு பல் உடைந்திருக்கிறது.
இருந்த சண்டைக்கு
துரை ஓர் அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கல் இப்போது கடலுக்குள்.
நீர் வற்றினால் தலை தெரியும்.
நண்டு வலைக்காரர்கள் அதில் கயிறு கட்டுகிறார்கள்.
துபாய் காசில் பள்ளியின் சுவர் எட்டடி முன்னே வந்தது.
கட்சிக்காசில் அம்மன் கோயில் வளைவு பன்னிரண்டடி.
"எந்தச் சுவத்துலேர்ந்து சார்? பழசா, புதுசா?"
சர்வேயர் கழுத்தைத் துடைக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை
மதுரையிலிருந்து வந்த வெள்ளைக்காரின் மேல் ஒருவர் ஏறி
கஜம் கஜமாகப் பேசினார்.
எங்கள் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது வற்றும்
அவருக்குத் தெரியாது.
அறுநூறு வருஷத்து அவமானம் தெரிந்திருந்தது,
தேதி வாரியாக.
கேட்ட பையன்களின் கழுத்து நரம்பு
அவர் குரலோடு ஏறி ஏறி இறங்கியது.
அதில் ஒருவன் பால்ச்சாமி மகன்.
சிக்னல் கிடைக்காததற்குத் தவிர
எதற்கும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை அவனை.

அன்று ராத்திரி
சேகு நெய்னாவின் வலைக்கொட்டகை எரிந்தது.

நைலான் எரிந்தால் சாம்பல் ஆவதில்லை.
உருகி, மணலோடு இறுகி, கட்டியாகிறது.
பதினெட்டு நண்டு வலை.
ஓர் எஞ்சின்.
பேத்தி ஓட்டிப் பழகிய சைக்கிள்.

சமாதானக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதியது நான்.
'இரு தரப்பினரும் அமைதி காக்குமாறு
கேட்டுக்கொள்ளப்பட்டனர்.'
பேனா எங்கும் தடுக்கவில்லை.
துரையின் கோப்பிலும் இதே வரி: இரு தரப்பாரும்.
எரிந்தது ஒரு கொட்டகை.
தரப்பு எப்படி இரண்டானது?
தாசில்தாரிடம் கேட்க எழுந்தேன்.
டீ வந்தது.
உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் அப்புறம்தான் வந்தது,
தேவிபட்டினம் தாண்டி, பஸ்ஸில்,
பக்கத்து சீட் காலியாக இருந்தபோது.
நல்ல கோபம். சுத்தமான கோபம்.
ராமநாதபுரம் வரைக்கும் சுவைத்துக்கொண்டே போனேன்.
காரின் மேல் நின்றவருக்கும்
அவருடையது இப்படித்தானே இனித்திருக்கும்
என்று தோன்றியது, இறங்கும்போது.

சேகு நெய்னா வருகிறார்.
போலீஸ் தடுக்கவில்லை.
கையில் உருகிய வலைக்கட்டி.
என் பக்கத்தில் குனிந்து டேப்பைப் பார்க்கிறார்.
"இதுல சைபர் எங்க இருக்கு தம்பி?"

கட்டைவிரலை எடுத்துக் காட்டுகிறேன்.
விறைத்து நின்ற டேப் துள்ளி விழுந்து
மணலில் நெளிந்து ஓடுகிறது.
"விட்டுட்டியா?" தூரத்திலிருந்து சர்வேயர்.
"திரும்பப் பிடி!"

சேகு நெய்னா கட்டியை
என் உள்ளங்கையில் வைக்கிறார்.
பதினெட்டு வலை.
கனமே இல்லை.