நாற்பதுக்கு அறுபது

கண்ணாடியின் அளவு நாற்பதுக்கு அறுபது சென்டிமீட்டர்.
பள்ளிக் கூடைப்பந்து அரங்கில்
பயிற்சியாளர் அறைக் கதவை வெட்டி அதைப் பதிக்க
என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
நேமுனாஸ் ஆறு உறைந்துகிடந்த பிப்ரவரி.
ஊரில் கண்ணாடி வெட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

ஓக் மரக் கதவு. நல்ல கதவு.
ரம்பத்துக்கு மசியவில்லை.
பதினோரு வருடம் ஒரு சத்தத்தையும்
வெளியே விடாத மரம்.

விட்மந்தாஸ்.
பெயரைச் சொல்ல நாக்கு கூசுகிறது, சொல்கிறேன்.
ஈஸ்டருக்கு எங்கள் மேசையில் முட்டைக்குச் சாயம் பூசியவன்.
என் கணவர் போன குளிர்காலத்தில்
கேட்காமலே விறகு பிளந்து தந்தவன்.
வெளியூர் ஆட்டம் முடிந்து பிள்ளைகளை
வாசல் வாசலாக இறக்கிவிடுவான்.
கடைசி வாசல் எப்போதும் யாருடையது என்று
யாரும் கேட்டதில்லை.

அந்நியரிடம் மிட்டாய் வாங்காதே என்று
உக்னியுஸுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.
அந்நியன் வரவேயில்லை.
வந்தவனுக்குக் காபி கலந்தது நான்.

முதலில் ஒரு ஜோடி ஷூ.
அடுத்த கேப்டன் நீதான் என்று ஒரு வார்த்தை.
அப்புறம், அம்மா பாவம், அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள்.
பிள்ளையைச் சுற்றிச் சுவர் இப்படித்தான் எழும்புகிறது,
ஒவ்வொரு செங்கல்லும் பரிசுக் காகிதம் சுற்றி.

புதன்கிழமைகளில் அவனுக்கு வயிறு வலித்தது.
தேநீர் போட்டுக் கொடுத்தேன்.
ஏன் புதன் மட்டும் என்று கேட்கவில்லை,
தேநீர் போட்டேன்.
ஆம்பளைப் பிள்ளை, பந்தை எடுத்துக்கொண்டு போடா என்றேன்.

வாய் திறந்தது அவனல்ல.
ஒன்பது வயது காஸ்பராஸ்,
பீட்ரூட் சூப் வரிசையில், சமையலறை யுர்கிதாவிடம்:
"யாரிடமும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினா
ஒண்ணு சொல்வேன்."
அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.
"அந்தச் சத்தியம் என்னால முடியாது கண்ணு.
ஆனா உன்னைத் தனியா விடமாட்டேன்."
அதற்கப்புறமும் அவன் சொன்னான்.
அவள் துருவவில்லை, நிஜமாவா என்று கேட்கவில்லை.
அவன் சொன்ன சொல்லை அவன் சொன்னபடியே
காய்கறி ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு
ஈரக் கையோடு போன் செய்தாள்.
பள்ளியின் பெயர் என்ன ஆவது என்று
தலைமையாசிரியர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது
மறுமுனையில் போலீஸ்
முகவரியை எழுதி முடித்திருந்தது.

உக்னியுஸுக்கு இப்போது இருபது.
க்ளைபேடா துறைமுகத்தில் வேலை.
செய்தி கேட்டு இரவுப் பேருந்தில் வந்தான்.
கோட்டைக் கழற்றாமல் நின்று
"புதன்கிழமை" என்றான்.
அவ்வளவுதான்.
நான் அடுப்பின் பக்கம் போகவில்லை.
உட்கார்ந்தேன்.
உன் மேல் தப்பில்லை என்றேன்,
எட்டு வருடம் தாமதமாக.
அவன் என்னைப் பார்க்கவில்லை. போகவும் இல்லை.

கமிட்டியில் ஒருவர் கேட்டார்:
மங்கல் கண்ணாடி போடலாமே,
பார்க்கக் கௌரவமாக இருக்குமே?
தெளிந்ததுதான் போடுவேன் என்றேன்.
உள்ளே நல்லவன் உட்கார்ந்தால் அவனுக்கும் அது காவல்.

வரைபடத்தில் கண்ணாடிக்கு உயரம்
பெரியவர் கண்மட்டம் என்றிருந்தது.
நான் இரண்டு சாண் கீழே இறக்கினேன்.

புட்டி காய ஒரு வாரம் ஆகும்.
அதுவரை இந்தக் கதவைச் சாத்தாதீர்கள் என்று
பென்சிலால் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.