இருபத்திரண்டாம் கதவு

வால்டிவியாவில் பதினேழாவது நாளாக மழை.
நான் பல்செட் செய்பவள்.
ஆற்றோரச் சந்தையில் மீன் அறுப்பவர்களில் பாதிப்பேர்
ரொட்டி கடிப்பது என் பற்களால்.

செட் பொருந்திய முதல் நிமிடத்தில்
ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்வேன்.
பதினொரு வருடத்தில் நாலாயிரத்துப் பன்னிரண்டு சிரிப்புகள்.
இடம் நிரம்பிவிட்டது, இனி மாதாமாதம் கட்டு என்று
கம்பெனி ஒன்று கடிதம் போட்டது.
படித்ததும் எனக்கே பல் கூசியது.

ஒர்த்தென்சியா தந்த மடிக்கணினிக்குத்
திரையில் விரிசல்; எஸ் விசை இல்லை.
அந்த எழுத்து இல்லாமல்
அந்த உலகத்தில் பாதிக் கட்டளை தொடங்குவதே இல்லை என்று
இரண்டாம் இரவுதான் தெரிந்தது.
ஈறுக்கு வார்க்கும் இளஞ்சிவப்புப் பிசினில்
ஒரு விசை வார்த்து, அரம் போட்டு, மாட்டினேன்.
பட்டென்று உட்கார்ந்தது.
கடைவாய்ப் பல்லைவிடச் சுலபம்.

மற்றதெல்லாம் சுலபமில்லை.
என் வீடு, என் மேசை, என் மின்கட்டணம்,
எனக்கே 'அனுமதி இல்லை' என்கிறது.
அதே வரியை
முன்னால் ஒரு சொல் சேர்த்து அதட்டினால்
உடனே சரி என்கிறது.
நகராட்சி அலுவலகத்தில்
இப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கேபிள் முனையின் சிறு நாக்கு முறிந்திருந்தது,
டேப் சுற்றினேன்.
ரவுட்டரில் பச்சை மினுக்கியது.
முப்பத்தேழில் முடியும் முகவரியைச் சீட்டில் எழுதி
விறகடுப்புக்கு மேலே ஒட்டினேன்.

அன்றிரவு கரண்ட் போய் வந்தது.
காலையில் முகவரியை அடித்தால்
திறக்கிற பக்கம் சொல்கிறது: நீல மை தீர்ந்துவிட்டது.
மறுபடி அடித்தேன்.
நீல மை தீர்ந்துவிட்டது.
மத்தியானம்வரை
பிரின்டரோடு சண்டை போட்டிருக்கிறேன்.
ரவுட்டர் விழித்தெழுந்து எண்களைப் புதிதாகப் பங்கிட
முந்திக்கொண்டுவிட்டது பிரின்டர்.
என் சர்வரோ பக்கத்து எண்ணில்,
வீடு மாறியதைச் சொல்லத் தெரியாமல்
முழித்துக்கொண்டிருந்தது.
எண்ணைக் கட்டிப்போட வேண்டுமென்று
அப்படித்தான் கற்றேன்.

படங்கள் ஏற ஆறு மணி நேரம்.
வேலையிடத்திலிருந்தும் பார்க்கலாமே என்று
இருபத்திரண்டாம் கதவை
வெளியுலகுக்குத் திறந்துவைத்தேன்.
சூப் கொதிப்பதற்குள்
தட்டிவிட்டார்கள்.
பதிவேட்டில் வரிவரியாக:
ரூட். அட்மின். ரூட். டெஸ்ட். ரூட்.
எந்த ஊர் எண்களோ.
என் ஐம்பதாம் பிறந்தநாளுக்கு
வந்தவர்கள் மூன்று பேர்,
அதில் ஒருவர் வாடகை கேட்க.
இத்தனை பேருக்கு என் வீட்டில் என்ன அவசரம்?

பிறகு: மரியா. ரோசா. மார்த்தா.
செட் தளர்ந்துபோன யாரோ
மழையில் நிற்பதாகவே
ஒரு கணம் நினைத்தேன்,
வாசல் விளக்கைக்கூடப் போட்டேன்.
யாருமில்லை.
பெயர்ப்பட்டியலை இரவெல்லாம் உருட்டும்
இன்னொரு இயந்திரம்.
அதற்கும் யாரோ ஒருத்தி
விசை வார்த்துக் கொடுத்திருப்பாளோ என்னவோ.

கதவை மூடினேன்.
சிரிப்புகள் சமையலறையோடு இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை எவாரிஸ்தோ வந்தார்,
மேல்செட் இரண்டாய்ப் போய், கைக்குட்டையில் முடிந்து.
பழைய படம் இருக்கிறதா என்றார்
உதடு மட்டும் அசைய.
அடுப்பருகே நின்றபடி தேடினேன்.
மூன்று விநாடி.
ஏழு வருடம் இளைய எவாரிஸ்தோ
திரையின் விரிசலுக்கு இந்தப்பக்கம் அத்தனை பல்லும் காட்ட,
நேரில் இருந்தவர்
வாயைப் பொத்திக்கொண்டார்.
ஆனால் கண்ணில் தெரிந்துவிட்டது.

மேசைக்கடியில் சர்வர் வெதுவெதுவென்றிருந்தது.
அதன்மேல் என் காலுறைகள் காய்ந்தன.
அப்படி வைக்கக் கூடாதாம், தெரியும்.

நீல மை இன்னும் வாங்கவில்லை.