வியாழக்கிழமை பத்து மணி

இருபத்தாறு வருடம் காகிதம் செய்தேன்.
காகிதத்துக்கு இத்தனை கேள்வி கேட்கத் தெரியும் என்று
இப்போதுதான் தெரிகிறது.

வேலையை விட்ட காரணம் என்று ஒரு கட்டம்,
என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.
நான் விடவில்லை. ஆலை விட்டது.
மூன்றாம் எந்திரம் நின்ற இரவில்
ஊரே விழித்துக்கொண்டது;
சத்தமில்லாமல் யாருக்கும் உறங்கத் தெரியவில்லை.
இதை அந்தக் கட்டத்துக்குள் எப்படி எழுத?
ஆட்குறைப்பு என்று எழுதினேன்.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது.

பழக்கம் விடவில்லை,
படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மட்டமான தாள்.
எங்களுடையது இல்லை.

அலுவலகத்துக்குத் தொலைபேசினால் ஒரு புல்லாங்குழல்.
ஒரு மணி நாற்பது நிமிடம் அதே புல்லாங்குழல்.
பாத்திரம் கழுவினேன். காலுறை துவைத்தேன்.
முதியோர் இல்லத்துப் பகுதிநேர வேலைக்கு
ஒடெட் கிளம்பிப் போனாள்.
குழல் நின்றது. மனிதக் குரல்.
ஹலோ என்றேன்.
துண்டித்துப் போனது.

நூலகத்துக்குப் போ என்றார்கள்.
அங்கே ஹோதன், சோமாலியாவிலிருந்து வந்த பெண்,
அம்மாவுக்காக இதே படிவத்தைப்
பன்னிரண்டு வயதில் நிரப்பியவளாம்.
"கடவுச்சொல்லில் ஓர் எண் வேண்டும்,
மறக்க முடியாத எதையாவது வையுங்கள்."
ஆலை மூடிய தேதியை வைத்தேன்.
நான் தட்டி முடிக்கும்வரை
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரம் மூன்று இடத்தில் வேலை கேட்டதாகக் காட்ட வேண்டும்.
மெய்ன் மாநிலத்தின் இந்த மூலையில்
மூன்று இடம் இருந்தால்தானே.
முதல் வாரம் பெட்ரோல் பங்க், பள்ளிப் பேருந்து, மரவாடி.
இரண்டாம் வாரம் பெட்ரோல் பங்க்,
பெட்ரோல் பங்கின் இரவு ஷிப்ட்,
கல்லறைத் தோட்டம்.
"மண் உறைந்து கிடக்கிறது லூசியன்,
மே மாதம்வரை தோண்ட முடியாது.
செத்தவர்களே காத்திருப்போர் பட்டியலில்தான்" என்றான் தோட்டக்காரன்.
அதையும் எழுதிக்கொண்டேன்,
பதில் என்ற கட்டத்தில்.

தேவாலயத்தின் நிலவறையில்
வியாழன்தோறும் பத்து மணிக்கு உணவுப் பை.
முதல் வியாழன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.
இரண்டாவது வியாழனும்.
மூன்றாவதில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு போனேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
எத்தனை பேர் என்றார்கள்.
இரண்டு என்றேன்.
மக்ரோனி, கடலை வெண்ணெய்,
யாரோ சுட்ட மூஸ் மானின் உறைந்த இறைச்சி,
ஒரு பீட்ரூட் டப்பா.

அந்த டப்பாவை எனக்குத் தெரியும்.
கிறிஸ்துமஸுக்கு ஆலை வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள், இல்லாதவர்களுக்கென்று.
வீட்டில் யாரும் தொடாததைத் தேடி எடுத்துப் போவேன்.
இருபத்தாறு கிறிஸ்துமஸ், இருபத்தாறு பீட்ரூட்.
போட்டுவிட்டு விசிலடித்தபடி உள்ளே போவேன்.

அன்று இரவு திறந்து தின்றோம்.
படுகேவலம்.
செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக
ஒடெட் சிரித்தாள்,
பல்லெல்லாம் சிவப்பு.

கணப்பு எண்ணெய்க்கு உதவி உண்டு, ஜனவரிக்குப் பின்
என்று கடிதம் வந்தது டிசம்பர் நான்காம் தேதி.
மறுநாள் காலை முற்றத்தில்
ஒரு வண்டி பிர்ச் விறகு கிடந்தது.
பனியில் டயர்த் தடம் மட்டும்.
யாருடைய டயர் என்று எனக்குத் தெரியும்.
கேட்கமாட்டேன்.

இன்று வியாழன்.
பையோடு வெளியே வந்தால்
எதிரே நீலப் பிக்கப், எஞ்சின் அணைத்து,
கண்ணாடியெல்லாம் மூச்சின் ஆவி.
உள்ளே க்ளோவிஸ்.
எனக்கு அடுத்த ஷிப்ட். ஒன்பது வருடமாக
அவனிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம்:
ஈரம் சரியாக இருக்கிறது, உலர்த்தியைப் பார்த்துக்கொள்.

கண்ணாடியைத் தட்டினேன்.
இரண்டு விரற்கடை இறக்கினான்.
"எத்தனை பேர் என்று மட்டும்தான் கேட்பார்கள்" என்றேன்.
வெகுநேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு,
"பை கொண்டுபோக வேண்டுமா?"
"வேண்டாம். உள்ளே தருவார்கள்."