முக்கால் அங்குலம்

ஓடத் தெரியும் அதற்கு. நிற்கத்தான் தெரியாது.
ஐம்பத்தொன்றாம் வருஷத்து வேன்கார்டு,
பய்சாந்துவில் எங்கள் கொட்டகையில்
மரக்கட்டைகள் மேல் பதினோரு மாதம்.

பின்சக்கர பிரேக் சிலிண்டருக்குள்
ஒரு ரப்பர் கிண்ணம்,
என் கட்டைவிரல் நகத்தளவு.
அதற்காக ஒவிதியோ
சால்தோ போனான், ரிவேரா போனான்,
மோன்தெவிதேயோவில் மூடிக்கிடந்த கடையொன்றின்
கதவிடுக்கில் சீட்டு செருகிவிட்டு வந்தான்.
தபாலில் வந்தவை
மில்லிமீட்டரில் பிறந்தவை.
மயிரிழை தடிமன் கூட. நுழையவில்லை.

கடைசியில்
பால்வண்டி ஓட்டிய எர்மெலிந்தாவிடம் இருந்தது.
வண்டியை விற்று ஆறு வருஷம்;
இதை மட்டும் பிஸ்கட் டப்பாவில்
டால்கம் பவுடருக்குள் புதைத்து வைத்திருந்தாள்.
"காசு வேண்டாம்," என்றாள்.
"வியாழக்கிழமை என்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.
விவாகரத்து. பஸ்ஸில் போக மனசில்லை."

எண்ணெய் ஊற்றினோம். காற்று போக
நான் மிதித்தேன், அவன் அடியில் படுத்து
"இன்னும், இன்னும்" என்றான்.
நாற்பது தடவை இருக்கும்.
சட்டென்று பெடல் கல்லானது.

வியாழன். கோர்ட் வாசல்.
ஒவிதியோ அழுத்தினான்.
என் மடியெல்லாம் மாத்தே, கொதிக்கக் கொதிக்க.
திட்டினேன், சிரித்தேன்.

வண்டி நின்றுவிட்டது.
எர்மெலிந்தா இறங்கவில்லை.
கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.
"இன்னொரு சுற்று போகலாமா?" என்று கேட்டாள்.