விலை கேட்டவன்

கல்முனையில், சனிக்கிழமை, பாடசாலை மண்டபத்தில்
ஏழு பேர் கூடினோம்.
மின்விசிறி ஒன்று. அதுவும் தலைவருக்கு மேலே.

கடிதத்தைச் செயலாளர் இரண்டு தரம் வாசித்தார்:
முப்பதாம் திகதிக்குள் தாமாக வந்து ஒப்புக்கொள்வோருக்குத்
தடையில்லை. பெயர் வெளியே வராது.
பதக்கத்தை மட்டும் திருப்பித் தர வேண்டும்.
பொது மன்னிப்பு என்று வந்த இடத்தில்
இரண்டு தரமும் அவர் குரல் தடுக்கியது.
அந்தச் சொல்லை நாங்கள் முன்பும் கேட்டிருக்கிறோம்,
ஒலிபெருக்கியில், வேறொரு காரியத்துக்கு.
அன்றைக்கும் படிவம் இருந்தது.
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.

டொக்டர் பாத்லட் எழுந்தார்:
"பெயரை வைச்சு நான் என்ன செய்ய?
மருந்து ஆர் கையால வருகுதெண்டு சொன்னாக் காணும்.
போன மாசம் பதினெட்டு வயசுப் பொடியன்,
ரத்தம் தேன் மாதிரித் தடிச்சு
என்ட வாட்டில கிடந்தான்.
எதைப் போட்டாய் எண்டு கேட்டன்.
விற்றமின் எண்டான்.
சாகிற பயத்தைவிடத் தடைக்குப் பயம் அவனுக்கு."

இஸ்ஸதீன் மேசையில் தட்டினார்:
"என்ட மகன் ஒன்பதாவதா வந்தவன்.
முன்னால போன எட்டுப் பேரும் ஊசியெண்டா
அவன்தானே முதலாவது?
இப்ப கட்டாரில பாரம் ஏத்துறான்.
அவனுக்கு ஆர் கடிதம் போடுற?"

மூன்றுக்கு மூன்று.
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
நான்தான் அன்று நான்காவது.

பொத்துவிலில் தொடங்கிக்
கல்லடிப் பாலத்தடியில் முடிந்த ஓட்டம்.
இடது தோளைச் சுட்டபடி கூடவே வந்தது கச்சான்.
நிந்தவூரில் ஆரோ தலையில் ஊற்றிய தண்ணீர்
காரைதீவு வருமுன் காய்ந்துவிட்டது.
இரண்டு பேர் எப்போதோ போய்விட்டார்கள்.
மூன்றாம் இடத்துக்கு நானும் நிமலேஸ்வரனும்.
கல்லாறு வரைக்கும் அவன் மூச்சு என் காதுக்குள் இருந்தது.
களுவாஞ்சிகுடி தாண்டியதும் எழும்பினான்,
சீற்றில் முள் முளைத்ததுபோல.
ஆரையம்பதியில் அவன் ஒரு நீலப் புள்ளி.
காத்தான்குடியில் புள்ளியும் இல்லை.

கம்பனி அணி மூன்று பேரைத்தான் எடுத்தது.
அவனுக்கு மாதச் சம்பளம், இத்தாலிச் சைக்கிள்.
எனக்குச் சம்மாந்துறையில் நெல் ஆலைக் கணக்கு:
மூடை, தவிடு, உமி.

சங்கத்தில் நான் சுத்தமானவன்.
பதினொரு வருடமாக அந்தப் பெயரை
வெள்ளைச் சட்டை மாதிரிப் போட்டுத் திரிகிறேன்.
கூட்டத்துக்கு அழைப்பதும் அதற்காகத்தான்.

போட்டிக்கு நாலு நாள் முன்பு
அக்கரைப்பற்றில் ஒரு பாமசியின் பின்கதவால் போனேன்.
கண்ணாடிக் குப்பி, சுண்டுவிரல் அளவு,
ஐஸுக்குள் கிடந்தது, மீன்குஞ்சு மாதிரி.
விலை கேட்டேன்.
பதினெட்டாயிரம்.
என்னிடம் ஆறாயிரத்துச் சொச்சம்.
கடன் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான்.
அரைக் குப்பிக்குப் பேரம் பேசினேன்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கையில்
வெட்கம் வரவில்லை எனக்கு.
கோபம்தான். கை நடுங்கிச்
சாவி இரண்டு தரம் விழுந்தது.
அந்தக் கோபத்தோடுதான் நூற்றேழு கிலோமீற்றரும் மிதித்தேன்.
பார்த்தவர்கள் அதை நேர்மை என்றார்கள்.

"சொல்லுங்க தம்பி" என்றார் தலைவர்.
மன்னிப்புப் பக்கம் கையை உயர்த்தினேன்.
பெரிய மனசு என்று டொக்டர் முதுகில் தட்டினார்.
இஸ்ஸதீன் ஒன்றும் சொல்லவில்லை.
குடையை எடுத்துக்கொண்டு போனார்.
வெளியே மழையில்லை.

படிவம் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.
இரவு, ஆலையில், மூடைகளுக்கு நடுவே விரித்தேன்.
பெயர். கழகம். போட்டி.
பாவித்த மருந்து.
இல்லை என்று எழுதினேன்.
உண்மைதான். ஆனாலும் பொய் மாதிரி இருந்தது. வெட்டினேன்.
தந்தவர் என்ற கட்டத்தில்
பாமசிக்காரனின் பெயரை எழுதினேன்.
அவன் தரவில்லையே.
தந்தவரை அடித்து,
மேலே பொடி எழுத்தில் திருத்தினேன்:
காசு போதாமல் தர மறுத்தவர்.

முப்பதுக்கு இன்னும் ஒன்பது நாள்.