எதிரும் புதிருமாக

மலைக்குள் போகும் சுரங்கச் சாலையில் ஒரே தடம்.
எதிரே மீன் லாரி வந்தால்
பக்கக் குடைவில் ஒதுங்க வேண்டியவள் நான்.
போன செப்டம்பரில் ஒதுங்கினேன். ஒரு சாண் மிச்சம்.
பிரேக் பிடித்த விரல்களுக்கடியில்
லீவர் துடித்தது
காய்ச்சல்காரன் மணிக்கட்டு மாதிரி.

டிஸ்க் கோணியிருந்தது.

கையே வைக்காத வண்டி என்று சொல்லித்தான் விற்றார்
அகுரெய்ரியில் ஹ்ரெக்விதுர்.
அவர் போட்ட காபி நன்றாக இருந்தது. நம்பினேன்.

இது மார்ச். இசாஃப்யோர்துரில்
பனி தெருவிலிருந்து போய்விட்டது, கூரையிலிருந்து போகவில்லை.
ஷெட்டில் இரண்டு பலகை மேல் சக்கரத்தைக் கிடத்தினேன்.
ஆறு போல்ட்.
ஐந்து முனகிக்கொண்டே வந்தன.
ஆலன் கீயைச் சுத்தியால் தட்டி உள்ளே இறக்கி
பிடியில் நீளக் குழாய் செருகி
மூச்சை அடக்கி ஒரு அழுத்து.
டக்.
அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு வண்டி வாங்கலாம்.

ஆறாவது நீ.

நாலு மாதம் ஓட்டுவதற்காக
எட்டு மாதம் மூடிவைக்கும் வண்டி வாங்கியவளை
மரை கழன்றவள் என்று சொல்லட்டும், சரி.
கழலவே மாட்டேன் என்கிற மரையை
என்னவென்று சொல்ல?

எண்ணெய் விட்டேன். ஓர் இரவு விட்டேன்.
ஹேர் டிரையர் காட்டினேன், உனக்குக் குளிர் விட்டிருக்கும்,
அவ்வளவுதான்.
அடிமேல் அடி அடித்தேன்,
அம்மியாக இருந்தால் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.
நீயோ உன் ஆறு மூலைகளையும் மழித்துக்கொண்டு
பிடிக்க இடமில்லாத வட்டமானாய்.
கீ வழுக்கியது.
விரல்முட்டித் தோல் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டது.

வியெஸ்வாவ் போலந்துக்காரர்.
நான் மீன் வெட்டும் ஆலையில் கன்வேயருக்கு வெல்டிங் வைப்பவர்.
இரவு ஷிப்ட் முடியும் நேரம்
ஐஸ் தள்ளும் வண்டியில் சக்கரத்தைக் கொண்டுபோனேன்.
வேற்றுமை உருபு ஒன்றுகூட இல்லாத ஐஸ்லாண்டிக்கில்
"சக்கரம். கீழே. நீ தூரம்" என்றார்.
டயரை ஈரச் சாக்கால் மூடினார்.
உன் வழுக்கைத் தலையில் ஒரு நட்டை வைத்து
நடுத்துளைக்குள் நெருப்பை ஊற்றினார்.
கண்ணை மூடியும் தெரிந்தது நீலம்.

சிவப்பு, பழுப்பு, சாம்பல்.
அவர் ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.
பிறகு ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.
வந்தாய்,
சண்டையே நடக்காதது போல.

உன் உடம்பெங்கும் கருகிய சிவப்புப் பசை.
மற்ற ஐந்துக்கும் நீலம்.
நீளத்திலும் இரண்டு மில்லி குறைச்சல் நீ.
கையே வைக்காத வண்டி!

ஒரு மாலை, வெளிச்சம் குறைந்த தரையில்
ஒன்று உருண்டு போயிருக்கும்.
கிடைத்த எதையோ முறுக்கிவிட்டு
அது கழன்றுவிடுமோ என்று பசையை ஊற்றியிருப்பார்.
பயத்துக்கு எப்போதும் தாராளக் கை.

புது டிஸ்க். புது போல்ட் ஆறு.
மரைக்குள் பிரஷ் விட்டுத் துடைத்தேன்,
நீலத்தில் ஒரே ஒரு சொட்டு.
வட்டமாக முறுக்கிக்கொண்டே போகக்கூடாது.
ஒன்று, உடனே நாலு. இரண்டு, அஞ்சு. மூணு, ஆறு.
எதிரும் புதிருமாக.
ஆகாதவர்களைச் சொல்லும் வார்த்தை.
இங்கே அப்படி நின்று இழுத்தால்தான்
தட்டு தட்டையாக இருக்கும்.
இருபத்து மூன்றில் டார்க் ரெஞ்ச் கிளிக் என்றது.
இன்னும் கொஞ்சம் என்றது கை.
கையை எடுத்தேன்.

மே மாதம்.
அதே சுரங்கம், எதிரே அதே மீன் லாரி என்றுதான் தோன்றுகிறது.
இரண்டு விரல்.
லீவர் ஒன்றும் சொல்லவில்லை.
குடைவில் நின்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாக எண்ணினேன்,
எதை என்று தெரியாமல், ஆறு வரைக்கும்.

வியெஸ்வாவ் காசு வாங்கவில்லை.
நட்டைத் தொப்பியாக மாட்டிய நீ
இன்னும் சமையலறை ஜன்னலில் இருக்கிறாய்.
உறையில் அகுரெய்ரி முகவரி எழுதி, முத்திரையும் ஒட்டியாகிவிட்டது.
உள்ளே கடிதம் வேண்டாம்.
காபிக்கு நன்றி, அது மட்டும்.